ரெக்கார்டு ரூமில் இருக்கும் கல்லூரி

எந்தக் கல்லூரி நூற்றாண்டு மலர் போட்டாலும் அதில் என்னென்ன எந்த வரிசையில் வரும் என்று புரட்டாமலே சொல்லிவிடுவேன். முதலில் ஆளுநரும் அமைச்சர்களும் லெட்டர்பேடில் அனுப்பிய வாழ்த்துச் செய்திகள். அடுத்து பிரின்சிபால் உரை. பிறகு 'எம் கல்லூரி ஈன்ற மாணிக்கங்கள்' என்ற தலைப்பில் ஒரு நீதிபதி, இரண்டு ஐ.ஏ.எஸ்., ஒரு சினிமாக்காரர். துறைவாரியாகக் குரூப் போட்டோ. நடுநடுவே ஜவுளிக்கடை, நர்சிங் ஹோம், மெஸ் விளம்பரங்கள். எங்கோ நடுவில் 'கல்லூரி வரலாறு' என்று மூன்று பக்கம் இருக்கும். அது பொன்விழா மலரிலிருந்து எடுத்தது. பொன்விழா மலருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வெள்ளி விழா மலரைக் காட்டுவார்கள். வெள்ளி விழா மலரை எழுதியவர் யாரைக் கேட்டு எழுதினார் என்று எவருக்கும் தெரியாது.

நான் பேராசிரியர் அல்ல. ஓர் அரசுக் கல்லூரியின் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ரெக்கார்டு ரூம் சாவி நெடுநாள் என் மேசை டிராயரில் கிடந்தது. அதனால் கல்லூரி வரலாறு என்றதும் மற்றவர்களுக்கு முகப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் நினைவுக்கு வரலாம்; எனக்குக் காலிக்கோ பைண்டிங் போட்ட ரெஜிஸ்டர்களும் இராமபாணப் பூச்சியும்தான் நினைவுக்கு வரும். விழா கொண்டாடுவதில் நமக்கு ஈடு கிடையாது. கொண்டாட வேண்டிய விஷயம் எந்தக் காகிதத்தில் இருக்கிறதோ அதை எடைக்குப் போடுவதிலும் ஈடு கிடையாது.

ராமானுஜன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கணித மேதையைப் பற்றி நம் ஊரில் எல்லோரும் எல்லாமும் எழுதியாகிவிட்டது. நான் சொல்ல வருவது அவருடைய பேப்பர்களைப் பற்றி. 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. (பி.ஏ.வுக்கு முந்தைய படிப்பு) சேர்ந்தார், ஸ்காலர்ஷிப்போடு. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகாததால் ஸ்காலர்ஷிப் போயிற்று, கல்லூரியும் போயிற்று. 1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்று இரண்டு கல்லூரிகளும் அவரைத் தம் மாணவர் என்று சொல்லிப் பெருமைப்படுகின்றன. தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அந்தப் பெருமையோடு சேர்த்து, அவர் எந்தப் பாடத்தில் போனார், கல்லூரி விதி அவரை எப்படி வெளியே தள்ளியது என்பதையும் சொன்னால்தான் அது வரலாறு. இல்லாவிட்டால் வெறும் வாழ்த்து மடல்.

1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாத, போர்ட் டிரஸ்ட்டில் குமாஸ்தாவாக இருந்த ஒருவருக்கு ஒரு பல்கலைக்கழகம் அப்படிச் செய்தது சின்ன விஷயமில்லை. எந்தச் செனட் இன்று அப்படி ஒரு தீர்மானம் போடும் என்று யோசித்துப் பாருங்கள். நிபந்தனை ஒன்றுதான்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும். 1913 ஆகஸ்ட், நவம்பர், 1914 மார்ச் என்று மூன்று அறிக்கைகள் எழுதிக் கொடுத்தார். மூன்றாவதைக் கொடுத்த அதே மாதத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த மூன்று அறிக்கைகளின் மூலப் பிரதி தொலைந்துவிட்டது. 1925-ல் டி.ஏ. சதகோபன் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து ஃபுல்ஸ்கேப் தாளில் கையால் நகலெடுத்தார். அந்த நகல், ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்குப் போனது. அதனால்தான் அறிக்கைகளில் என்ன இருந்தது என்று இன்று கணிதக்காரர்களுக்குத் தெரிகிறது. நகலெடுத்தவர் குமாஸ்தாவோ, ஆசிரியரோ, யாராக இருந்தாலும் என் வணக்கம் அவருக்கு. எங்கள் ஆபீஸில் 'காப்பியிஸ்ட்' என்று ஒரு பணி இருந்ததைக் கேலி பேசியவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

தொலைப்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தமான பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று பேர் வாங்கிய ராமானுஜனின் கடைசிக்காலத் தாள்கள் இங்கிலாந்தில் வாட்சன் என்ற கணிதப் பேராசிரியர் வீட்டில் கிடந்தன. 1965-ல் அவர் இறந்ததும் அறை முழுக்கத் தரையில் குவிந்திருந்த காகிதங்களை எரித்துவிடுவதாக ஏற்பாடு. அதற்குச் சில நாள் முன்னால் விட்டேக்கர் என்பவர் போய்ப் பார்த்ததால் அவை கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் அந்தப் பெட்டியைத் திறந்தபோது உலகத்துக்குச் செய்தி ஆனது. நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். டிரினிட்டிக்கு வந்து சேர்ந்த பெட்டி அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தையும் குறை மட்டுமே சொல்ல மாட்டேன்: ராமானுஜனின் மூன்று மூல நோட்டுப் புத்தகங்கள் அதன் நூலகத்தில்தான் இருக்கின்றன. 1957-ல் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை அப்படியே படமெடுத்து அச்சிட முடிந்ததற்கு அதுதான் காரணம்.

சரி, மேதைகளின் தாளுக்கே இந்தக் கதி என்றால் சாதாரணக் கோப்புகளின் கதி என்ன? அரசு அலுவலக நடைமுறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறைதான் நம் அலுவலகங்களில் இன்றும் ஓடுகிறது. ஒரு கோப்பு முடிந்ததும் அதன் தலைவிதியை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு. கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். என்றால் பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம். முதல் மூன்றையும் தமிழில் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதுவோம். முடித்து வைக்கிற உதவியாளர் ஒரு விநாடி யோசித்துப் போடும் எழுத்து அது. நிரந்தரம் என்று போட்டால் ரெக்கார்டு ரூமில் இடம் இல்லை என்று கண்காணிப்பாளர் கடிந்துகொள்வார். அதனால் பாதுகாப்பாக மூ.மு. போட்டுவிடுவார்கள். மாணவர் வேலைநிறுத்தம், விடுதியில் சாப்பாட்டுத் தகராறு, தமிழ் வழி வகுப்பு தொடங்கியபோது வந்த எதிர்ப்பு, முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தபோது கழிவறை கட்ட நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாமே மூன்றாண்டில் அழிய வேண்டியவை. விதிப்படி. யாரும் தப்புச் செய்யவில்லை. நிரந்தரம் என்று காப்பாற்றப்பட்டது எது தெரியுமா? நிலப் பட்டாவும் பணிப் பதிவேடும்.

அட்மிஷன் ரெஜிஸ்டர் மட்டும் தப்பித்தது. வரலாற்றுப் பற்றினால் அல்ல, டூப்ளிகேட் டி.சி., சாதிச் சான்றிதழுக்குச் சாட்சி, பிறந்த தேதித் திருத்தம் என்று யாராவது வந்து நின்றுகொண்டே இருந்ததால். தேவைப்பட்ட காகிதம் பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த ரெஜிஸ்டரை ஒருநாள் சாவகாசமாக உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நாவல் தோற்றுவிடும். வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், ஊர், தாய்மொழி, சாதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, குறிப்பு. இதில் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே விரலால் ஓட்டிக்கொண்டே வாருங்கள். எங்கள் கல்லூரியின் பழைய புத்தகத்தில் மிராசுதார், வக்கீல், வக்கீல் குமாஸ்தா, கர்ணம் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். அப்புறம் ரயில்வே, தபால்காரர், பள்ளி ஆசிரியர் தலைகாட்டுவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகான புத்தகங்களில் விவசாயம், நெசவு, பெட்டிக்கடை. இன்னும் தள்ளிப் போனால் 'கூலி' என்ற இரண்டெழுத்து. முதலில் ஒரு பக்கத்தில் ஒன்று, பிறகு நாலு, பிறகு பக்கம் முழுக்க 'கூலி', அதன் கீழ் 'மேற்படி', 'மேற்படி'. ஒரு வட்டாரத்தில் படிப்பு யார் வீட்டுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. எந்த மலரிலும் இந்தப் பக்கம் அச்சானதில்லை.

குறிப்புக் கட்டம் வேறு கதை. 'கட்டணம் செலுத்தாததால் பெயர் நீக்கம்' என்று சிவப்பு மையில். 'சொல்லாமல் நின்றுவிட்டார்' என்று நீல மையில். பெண்கள் சேர ஆரம்பித்த பிறகு 'திருமணம்' என்று ஒரே சொல், முழுப்புள்ளி வைத்து. ராமானுஜனைப் போல மேலே வராமல் போனவர்கள் எல்லாரும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களும் முன்னாள் மாணவர்கள்தானே. முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்துக்கு யார் அவர்களைக் கூப்பிடுகிறார்கள்?

கிண்டி பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு தாள். 1794-ல் எட்டு மாணவர்களோடு சர்வே பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த இடம். அங்கே 1940-ல் சேர்ந்து 1943-ல் மின் பொறியியல் முடித்த லலிதாவுக்கும் உடன் படித்த இரு பெண்களுக்கும் சான்றிதழ் எழுதும்போது, அச்சடித்த படிவத்தில் இருந்த 'ஹீ' என்பதை அடித்துவிட்டு 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்களாம். படிவத்தை அச்சடித்தவருக்கு ஒரு பெண் அதை வாங்க வருவாள் என்று தோன்றவே இல்லை. பேனாவால் போட்ட அந்த ஒரு கோட்டை எந்தக் கட்டுரையால் எழுதிக் காட்ட முடியும்?

அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரை யாரும் மதிப்பதில்லை. எடைக்கு முதலில் போவது அதுதான். எங்கள் கல்லூரியில் தப்பிக் கிடந்த ஒன்று 1964-65-ஆம் கல்வியாண்டின் இரண்டாம் ஆண்டு பி.ஏ. வகுப்புடையது. ஜனவரி மூன்றாவது வாரம் வரை கட்டங்கள் ஒழுங்காக நிரம்பியிருக்கும். 25-ஆம் தேதிக் கட்டத்தில் மேலிருந்து கீழே வரை 'ஏ', 'ஏ', 'ஏ'. அதற்குப் பிறகு குறுக்கே ஒரு கோடு, கோட்டின்மேல் பேராசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் 'கல்லூரி மூடல்'. இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறேன்; அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் ஜனவரி 27-ஆம் தேதி துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும், அங்கே அவருக்குச் சிலை இருப்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அன்றைக்கு யார் யார் வகுப்புக்குப் போகவில்லை என்பது அந்த ஒரு ரெஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். போராட்டத்தில் இருந்தேன் என்று இப்போது சொல்கிற பெரியவர் ஒருவர் பேருக்கு நேராக 'பி' இருக்கிறதா என்று பார்க்கும் ஆசையை நான் அடக்கிக்கொண்டேன்.

கட்டடமே போய்விட்டாலும், கல்லூரியே மூடிவிட்டாலும் பேர் நிற்கிற அதிசயமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைக் குருமடம் என்று சொல்வார்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823-ல் தொடங்கியது. விஞ்ஞானமும் தத்துவமும் சொல்லிக் கொடுத்த இடம். 1855-ல் மூடிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். சென்னைக் கடற்கரையில் சிஷம் கட்டிய செனட் ஹவுஸைப் பார்த்து வியக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிப் பட்டியல் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்குகிறது என்று தெரியும்? தாமோதரம்பிள்ளை பட்டத்தோடு நிற்கவில்லை. வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று ஏடுகளைத் தேடி அச்சேற்றினார். கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் தமிழ் சொல்லிக் கொடுத்த உ.வே.சா.வும் அதே வேலையில் இருந்தார். உ.வே.சா. சிலைக்கு வருஷம் தவறாமல் மாலை விழுகிறது. மாலை போடுகிற கையே அந்த வாரம் பழைய விடைத்தாளோடு பழைய மாணவர் மன்ற மினிட்ஸ் புத்தகத்தையும் சேர்த்துக் கட்டி வெளியே வைக்கும்.

கட்டடத்தைக் காப்பது இதைவிடச் சுலபம் என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை. சென்னை ராணி மேரி கல்லூரி 1914-ல் டோரதி டி லா ஹே என்ற பெண்மணியைப் பிரின்சிபாலாகக் கொண்டு கேப்பர் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் ஆரம்பமானது. 2003-ல் அந்த இடத்தில் தலைமைச் செயலகம் கட்டப் போகிறோம் என்றது அரசு. மாணவிகள் வளாகத்தை விட்டு நகரவில்லை. திட்டம் கைவிடப்பட்டது. கல்லூரி பிழைத்தது. ஆனால் அந்தக் கேப்பர் ஹவுஸ் சிதிலமாகிக் கிடந்து, சில வருஷத்தில் இடிக்கப்பட்டு, அங்கே புதுக் கட்டடம் எழுந்தது. புல்டோசர் வந்தபோது காப்பாற்றிய கட்டடம் ஒழுகுகிற கூரையினால் போயிற்று.

எங்கள் கல்லூரிக் கதைக்கு வருகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு வரலாற்றுத் துறையில் புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர் ஒருவர், சின்னப் பெண், போனில் பேசினார். "சார், ரெக்கார்டு ரூமைப் பத்தி உங்களைக் கேட்டாத்தான் தெரியும்னு எல்லாரும் சொல்றாங்க." போய்ப் பார்த்தால் பாதி அலமாரி காலி. பழைய அட்டெண்டரைக் கூப்பிட்டு விசாரித்தோம்.

"எங்கண்ணே போச்சு இவ்வளவும்?"

"கரையான் தின்னது பாதி சார். தரமதிப்பீட்டுக் குழு தின்னது பாதி."

"குழுவா?"

"குழு வருது, ரூம் பளிச்சுனு இருக்கணும்னாங்க. ரெண்டு லோடு ஏத்தினோம். பேப்பர்க்காரர் பைண்டிங் அட்டைக்குத் தனியா கழிச்சுக்கிட்டாரு."

தரமதிப்பீட்டுக் குழுவிடம் காட்டிய பி.பி.டி.யில் முதல் ஸ்லைடு 'நூறாண்டு பாரம்பரியம்'. அதை நான் பார்த்தேன். நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

மிச்சம் இருந்ததை அந்தப் பெண்ணும் அவர் மாணவர்களும் நானும் உட்கார்ந்து எடுத்தோம். இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்குக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். உள்ளே மாட்டிய தாளை மறுபடி வெளியே எடுக்க வழியில்லை. வெயிலில் காயப் போடுவது பழைய ஆட்களின் பழக்கம், ஆனால் மை வெளுத்துவிடும். நிழலில் காற்றாட வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் கொஞ்சம் தள்ளி, தரையிலிருந்தும் தூக்கி வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். செல்போனில் படமெடுத்து வாட்ஸாப் குழுவில் போடுவது பாதுகாப்பு ஆகாது. அது படத்தைச் சுருக்கிவிடுகிறது, ஆறு மாதம் கழித்து யாராலும் தேடவும் முடியாது. ஒழுங்காக ஸ்கேன் செய்து, எந்தப் புத்தகம், எந்த வருஷம், எத்தனாவது பக்கம் என்று கோப்புக்குப் பேர் வைத்து, இரண்டு வேறு இடத்தில் வைக்க வேண்டும். பட்டியல்தான் முக்கியம். என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அறை, காலி அறைக்குச் சமம்.

மாணவர்கள் முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார்கள். அட்டெண்டன்ஸ் கிடைக்கும் என்று வந்தவர்களே அதிகம். ஆனால் ரெஜிஸ்டரில் தன் ஊர்ப் பேரைப் பார்த்த பையன் ஒருவன் அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. அவன் தெருவிலிருந்து முதன்முதலாக இங்கே படிக்க வந்தவர் யார் என்று தேடிக்கொண்டே இருந்தான். குறிப்புக் கட்டத்தில் 'கட்டணம் செலுத்தாததால் பெயர் நீக்கம்' என்று இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு போய்த் தாத்தாவிடம் காட்டினானாம். "அவரு எனக்குச் சித்தப்பா முறை. படிச்சதே எங்களுக்குத் தெரியாது" என்றாராம் தாத்தா.

முன்னாள் மாணவர் சங்கத்தில் ஆதரவு உண்டு. ஆனால் அவர்கள் கேட்பது நுழைவு வளைவு. கிரானைட்டில், தங்க எழுத்தில், நன்கொடையாளர் பேரோடு. வளைவுக்குக் கிடைக்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு ரெக்கார்டு ரூமுக்குத் திரும்பினால் இரும்பு அலமாரி, ஜன்னல் வலை, ஸ்கேனர் எல்லாம் வந்துவிடும் என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதற்கடுத்த பொருளாக வளைவின் டிசைன் எடுத்துக்கொள்ளப்பட்டது.

இப்போதைக்கு அந்த விரிவுரையாளர் அலமாரி கேட்டுப் பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று கொட்டேஷன் வைக்க வேண்டும் என்று திரும்பி வந்தது, வாங்கி வைத்தாயிற்று. அலமாரி வந்ததும் கோப்பை முடித்துவிடுவார்கள். முடிக்கும்போது ஆர்.டிஸ். என்று போடச் சொல்லி உதவியாளரிடம் நான் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். "பார்க்கலாம் சார், வழக்கமா இதுக்கெல்லாம் மூ.மு.தான்" என்கிறார் அவர்.